ஓடாத வண்டியைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹைப்ரிட் சூப்பர் கார் வாங்குவது குறித்து உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த வகை வண்டிகளைப் பரிசோதித்துப் பழுது பார்ப்பதே எங்கள் தொழில். கட்டுரையின் முதல் யோசனை, "மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக உள்ள வண்டியைத் தேடுங்கள்" என்பது. வெறும் பெட்ரோல் காருக்கு அது ஓரளவு சரி. பெரிய பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டிக்கு அதை அப்படியே நம்பினால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். எட்டு வருடத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், வருடத்தின் பெரும்பாலான நாட்கள் அது எங்கோ நின்றிருக்கிறது. நின்ற இடத்தில் அதற்கு என்ன நடந்தது என்பதை மீட்டர் சொல்லாது.

முதலில் ஒரு கணக்கு. ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலேயின் பேட்டரி 7.9 யூனிட் (கிலோவாட் மணி) கொள்ளளவு கொண்டது. அதன் மூன்று மோட்டார்களும் சேர்ந்து 162 கிலோவாட் தருகின்றன. அதாவது, ஒவ்வொரு யூனிட் கொள்ளளவிலிருந்தும் 20 கிலோவாட்டுக்கு மேல் உறிஞ்சப்படுகிறது. லாஃபெராரியில் 2.3 யூனிட் பேட்டரிக்கு 120 கிலோவாட் மோட்டார். யூனிட்டுக்கு 52 கிலோவாட். 60 யூனிட் பேட்டரியும் 150 கிலோவாட் மோட்டாரும் உள்ள சாதாரண மின்சாரக் காரில் இதே கணக்கு இரண்டரையில் நின்றுவிடும். சின்ன பேட்டரி, பெரிய வேலை. அதனால்தான் இந்த வண்டிகளில் "பேட்டரி ஆரோக்கியம் 92 சதவீதம்" என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த எண் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்பதைத்தான் சொல்கிறது. தேங்கியதை எவ்வளவு வேகமாக வெளியே தர முடியும் என்பது பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் உள்தடையை, அதாவது மின்சாரம் பாய்வதை உள்ளுக்குள்ளேயே தடுக்கும் தன்மையை, பொறுத்தது. கொள்ளளவு நன்றாக இருந்தும் உள்தடை ஏறிவிட்ட பேட்டரி, மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் காட்டாது. பெடலை முழுதாக மிதித்ததும் வோல்டேஜ் சரிந்து, மோட்டாரின் உதவி பாதியில் நின்றுவிடும்.

வண்டி நின்றால் என்ன ஆகும்? முதலில் அடிபடுவது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பூட்டி வைத்த வண்டியிலும் அலாரம், சாவி உணரி, பாகங்களை இயக்கும் சின்னக் கணினிகளான கன்ட்ரோல் யூனிட்கள் என்று ஏதாவது விழித்துக்கொண்டுதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் மட்டுமே கசிகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு மாதத்துக்குள் காலி. சின்ன பேட்டரி செத்தால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள் மூடாது (இணையாது). உள்ளே முழு சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது. இது ஒரு முறை நடந்தால் பெரிய விஷயமில்லை. மூன்று நான்கு முறை நடந்திருந்தால், வோல்டேஜ் குறைவால் கன்ட்ரோல் யூனிட்கள் பதிவு செய்த பிழைகள் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே இருக்கும் உண்மையான பழுது கண்ணில் படாமல் போய்விடும்.

சின்ன பேட்டரி என்ன வகை என்பதையும் பாருங்கள். சில சூப்பர் கார்களில் எடை குறைக்க ஈய பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் வகையை வைத்திருப்பார்கள். ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் ஈய பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2-க்குக் கீழே போனால் பாதிதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நிறைந்திருந்தால் 13.3, 13.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஈய பேட்டரிக்கான மெயின்டெயினர் சார்ஜரில் தகடுகளில் படியும் சல்பேட்டை நீக்குவதற்கென்று 15 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு கொடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை லித்தியம் பேட்டரியில் மாட்டினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். விற்பவர் எந்த சார்ஜரை மாட்டி வைத்திருந்தார் என்று கேட்டு, அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பெரிய பேட்டரி விஷயம் இன்னும் தீவிரமானது. நீண்ட நாள் கவனிக்காமல் விட்டு ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், அதன் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு தேவையில்லாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் வழி உண்டு. இப்படிச் செத்த பேட்டரியை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து "எழுப்பி" விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுப்பியது தெரிந்தால் விலை பேசவே உட்காராதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. "எப்போதும் சார்ஜரில் மாட்டி நூறு சதவீதத்தில்தான் வைத்திருந்தேன்" என்று பெருமையோடு சொல்வார்கள். லித்தியம் அயான் செல் மூப்படைவதற்குக் காரணம் ஓட்டம் மட்டுமல்ல. நிறைந்த சார்ஜும் வெப்பமும் சேர்ந்திருந்தால் சும்மா இருந்தே தேயும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பாதிச் சார்ஜை ஒட்டி, குளிர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது. வெயிலில் சூடேறும் ஷெட்டில் ஐந்து வருடம் நூறு சதவீதத்தில் நின்ற வண்டியைவிட, வாரம் இருமுறை ஓடி முப்பதாயிரம் கிலோமீட்டர் கண்ட வண்டியின் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நேரில் போவதற்கு முன்பே காகிதங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையம் கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த பேட்டரி அறிக்கை, எல்லா கன்ட்ரோல் யூனிட்களின் முழு ஸ்கேன், தேதி வாரியான சர்வீஸ் பதிவு, சின்ன பேட்டரி எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற ரசீது, பெரிய பேட்டரிக்கான உத்தரவாதம் முடியும் மாதம், சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்த்த ரீகால் (குறையைச் சரி செய்யத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) விவரம். இவற்றில் இரண்டு மூன்று கிடைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் கேளுங்கள். சர்வீஸ் பதிவில் கிலோமீட்டரை விடத் தேதிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை உற்றுப் பாருங்கள். வருடம் ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டிய வண்டியில் "ஓடவே இல்லையே" என்று மூன்று வருடம் விட்டிருந்தால், பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் அதே கதிதான்.

ஸ்கேன் அறிக்கை சுத்தமாக இருந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் வண்டியின் பிழைகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே "குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்", "அழிக்கப்பட்ட பின் இன்ஜின் சூடேறிய தடவைகள்" என்று இரண்டு எண்கள் கிடைக்கும். பல மாதமாகச் சர்வீஸுக்கே போகாத வண்டியில் முதல் எண் 11 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காக யாரோ நேற்று அழித்திருக்கிறார்கள். கூடவே வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களையும் பாருங்கள். அழித்த பிறகு அவை முழுமையடையப் பல ஓட்டங்கள் வேண்டும். வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் இன்ஜின் குறைவாக இயங்குவதால் இன்னும் நாளாகும். பேட்டரி, அதன் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் உள் பதிவுகளைப் படிக்கத் தயாரிப்பாளர் தரத்தில் உள்ள ஸ்கேனர் வேண்டும். நூறு ரகக் காருக்கும் பொதுவான சின்னக் கருவி அங்கே எட்டாது.

அந்த ஸ்கேனர் கைக்கு வந்ததும் செல் வாரியான வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பிஎம்டபிள்யூ ஐ8-இல் 96 செல்கள். கூட்டமாக நடக்கும்போது மெதுவாக நடப்பவருக்காக மற்றவர்களும் நிற்பது போல, பலவீனமான ஒரு செல் தாழ்ந்ததுமே மொத்த பேட்டரியும் நின்றுவிடும். வண்டி இரண்டு மணி நேரமாவது ஓய்வில் இருந்த பிறகு, உச்சச் செல்லுக்கும் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வேறுபாடு 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் எங்களுக்குத் திருப்தி. 100-ஐத் தாண்டினால் சந்தேகம். ஓய்வில் எல்லாம் சமமாக இருந்தாலும் போதாது. பெடலை முழுதாக மிதித்து ஐந்து விநாடி ஓட்டும்போது அதே பட்டியலைப் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சரிந்து, பெடலை விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால் அந்தச் செல்லின் உள்தடை ஏறிவிட்டது. அடுத்தடுத்த நான்கைந்து செல்கள் சேர்ந்து சரிந்தால் அவை சேர்ந்த தொகுப்பான மாட்யூலின் இணைப்புத் தகடு தளர்ந்திருக்கவோ துரு ஏறியிருக்கவோ கூடும். அது சரி செய்யக்கூடிய பழுது.

பிளக் செய்யும் வகையில் கொள்ளளவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓட்டுநருக்குத் தெரியும் சார்ஜ் பூஜ்யம் வரும்வரை மின்சாரத்தில் ஓட்டிவிட்டு, மீட்டர் உள்ள சார்ஜரில் மாட்டி நிறையும்வரை எத்தனை யூனிட் ஏறியது என்று பாருங்கள். 2014 முதல் வந்த ஐ8-இன் பேட்டரி மொத்தம் 7.1 யூனிட், அதில் பயன்பாட்டுக்குத் திறந்திருப்பது 5.2 அளவு. சார்ஜிங்கில் வீணாவது பத்துப் பதினைந்து சதவீதம். ஆக, புதிது போல் இருந்தால் சுவர் மீட்டரில் சுமார் 6 யூனிட் ஏற வேண்டும். நாலரைதான் ஏறுகிறது என்றால் சுமார் கால்வாசிக் கொள்ளளவு போய்விட்டது. 2018-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு மொத்தம் 11.6 யூனிட் என்பதால் அந்த வண்டிக்குக் கணக்கு வேறு. குளிர்ந்த பேட்டரியில் இந்தச் சோதனை குறைத்துக் காட்டும். இதமான வெப்பத்தில் செய்யுங்கள். சார்ஜர் பிளக்கைக் கழற்றியதும் வண்டிப் பக்கத்துப் பின்களைப் பாருங்கள். பழுப்பேறியோ கருகியோ இருந்தால் நெடுநாளாகச் சூடேறியிருக்கிறது.

இன்சுலேஷன் (மின்காப்பு) பழுதுதான் இந்த வண்டிகளில் மிகவும் அலைக்கழிப்பது. பெரிய பேட்டரியின் இரு முனைகளும் வண்டியின் உடலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்க வேண்டும். மின்சார வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 100 கேட்பது நேர் மின்னோட்ட (டிசி) சுற்றில் வோல்ட்டுக்கு 100 ஓம், மாறு மின்னோட்டச் சுற்றோடு சேர்ந்திருந்தால் வோல்ட்டுக்கு 500 ஓம். 355 வோல்ட் பேட்டரி என்றால் பிந்தைய கணக்கில் சுமார் 1,78,000 ஓம். இது அடி எல்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது பத்து லட்சம் ஓம்களில் இருக்கும். எல்லையைத் தாண்டினாலும் மூன்று லட்சத்தில் தள்ளாடும் வண்டியை நாங்கள் "பாஸ்" என்று எழுத மாட்டோம். அந்தத் தள்ளாட்டம் எப்போது வருகிறது என்பதே துப்பு. கழுவிய மறுநாளோ பனி விழுந்த காலையிலோ மட்டும் வந்தால், கனெக்டரிலோ பேட்டரிப் பெட்டியிலோ ஈரம் புகுந்திருக்கிறது. ஏசி போட்டால் வந்து, அணைத்தால் போனால் கம்ப்ரெஸரைச் சந்தேகியுங்கள்.

ஏசி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்கே தெரியாமல் செய்யும் தவறு இது. இந்த வகை ஹைப்ரிட்களில் பெரும்பாலும் ஏசி கம்ப்ரெஸரைப் பெல்ட் சுழற்றுவதில்லை. ஹை வோல்டேஜ் மோட்டார் அதற்குள்ளேயே, எண்ணெயில் நனைந்தபடி இருக்கிறது. அந்த எண்ணெய் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை. சாதாரணக் காருக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு குறையும். பெட்ரோல் கார்களுக்குப் பயன்படுத்திய அதே கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய்கூட இந்த வேலையைச் செய்துவிடும். அப்புறம் கம்ப்ரெஸர் மட்டும் மாற்றினால் போதாமல் கண்டென்ஸர், குழாய்கள், எவாப்பரேட்டர் என்று முழு சுற்றையும் கழுவவோ மாற்றவோ நேரும். பல வண்டிகளில் பெரிய பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசி கேஸ்தான், ஐ8 அப்படிப்பட்டது. ஆகவே ரசீதுகளில் ஏசி கேஸ் நிரப்பிய பதிவு இருந்தால், எங்கே, எந்த எண்ணெயோடு என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் கட்டுரை சொன்ன ஒரு தந்திரத்தைக் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சின்ன பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அணைந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அணையலாம். பழுது அப்படியே இருக்கும். இன்சுலேஷன் எச்சரிக்கை என்பது, இன்னொரு இடத்திலும் காப்பு போனால் நூற்றுக்கணக்கான வோல்ட் வண்டியின் உடலில் பாயக்கூடும் என்ற முன்னறிவிப்பு. அதை அணைத்துவிட்டு வண்டியைக் கைமாற்றுவது ஆளைக் கொல்லும் வேலை. வாங்கப் போகிறவரும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடவோ மூடியைக் கழற்றவோ கூடாது. பெரிய பேட்டரியின் தொடர்பைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்டை எடுத்த பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் தரக் கையுறையோடு மீட்டர் வைத்துப் பார்த்த பின்தான் பயிற்சி பெற்றவரே கை வைப்பார்.

கூலன்ட் தொட்டிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். இன்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டர், மோட்டார் பக்கத்துக்குக் குறைந்த வெப்பத்தில் ஓடும் இன்னொன்று. இரண்டாவது தொட்டியில் அளவு குறைந்திருந்து, கீழே எங்கும் ஒழுகிய தடம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டும். கசிவு இன்வெர்ட்டருக்குள்ளேயோ பேட்டரியின் குளிர்தட்டிலோ இருக்கலாம். எதையாவது கழற்றி மாட்டிய பிறகு இந்தச் சுற்றை வாக்குவம் வைத்து (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து) நிரப்பாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டும்வரை தெரியாது. இருபது நிமிடம் விரட்டினால் இன்வெர்ட்டர் சூடேறி சக்தி குறையும்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் "கொஞ்சம் சூடாக்கி வைத்தேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கான்டாக்டர்கள் இரண்டு மூன்று "டக்" ஒலியோடு ஒழுங்கான வரிசையில் மூடும். மூடித் திறந்து மீண்டும் மூட முயன்றால் மின்சாரத்தை முதலில் மெல்லப் பாயவிடும் ப்ரீசார்ஜ் சுற்றில் கோளாறு. பிறகு முழு மின்சாரத்தில் ஐந்து கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். நடுவே பெடலை அழுத்தி இன்ஜினை எழுப்புங்கள். சேரும் கணத்தில் இடிப்போ உதறலோ இருக்கக் கூடாது. ஐ8-இல் மூன்று சிலிண்டர் இன்ஜின் விழிக்கும்போதும் அணையும்போதும் உடலில் குலுக்கல் கேட்டால் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள். அப்புறம் பிரேக்கை மெல்ல மிதித்து நிற்கும்வரை வேகம் குறையுங்கள். மோட்டார் தரும் இழுவையிலிருந்து டிஸ்க் பிரேக்குக்கு மாறும் இடம், மணிக்குப் பத்துக் கிலோமீட்டரை ஒட்டி, காலில் படியாகத் தெரியாமல் இருக்க வேண்டும்.

ரிவர்ஸ் சோதனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஸ்எஃப்90-இன் எட்டு கியர் பெட்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போவது முன் அச்சில் உள்ள மோட்டார்களால். மெக்லாரன் ஆர்டுராவிலும் ரிவர்ஸுக்கென்று கியர் இல்லை. மின்மோட்டாரே எதிர்ப்பக்கம் சுழல்கிறது. ஹை வோல்டேஜ் பக்கம் படுத்துவிட்டால் இந்த வண்டிகளைப் பார்க்கிங்கிலிருந்துகூடப் பின்னால் எடுக்க முடியாது. எனவே பேட்டரி சார்ஜ் குறைந்திருக்கும் நேரம் பார்த்து, ஒரு சரிவில் முன்புறம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். ரிவர்ஸ் போட்டு, பிரேக்கை விட்டு, ஒரு வண்டி நீளம் மேலே ஏறச் செய்யுங்கள். தயக்கம், விட்டுவிட்டு இழுப்பது, திரையில் மஞ்சள் செய்தி என்று எது வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். இதையே வண்டி சூடேறிய பின் இன்னொரு முறை செய்யுங்கள்.

சூட்டுச் சோதனைக்கு நாற்பது நிமிடம் நன்றாக ஓட்டி, கடைசியில் மூன்று நான்கு முறை முழு வேகமெடுத்து, ஏசி போட்டபடி நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே தேங்கிய வெப்பம் பரவி எல்லாப் பாகமும் அதிகச் சூட்டில் இருக்கும் நேரம் அதுதான். காலையில் ஒழுங்காக இருந்த கான்டாக்டரும் கூலன்ட் பம்பும் உணரியும் இந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். பேட்டரி வெப்ப உணரிகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஐந்து டிகிரிக்கு மேல் விலகினால் குளிர்விப்பு சமமாகப் போகவில்லை.

பெட்ரோல் பக்கமும் நிற்பதால்தான் கெடுகிறது. ஊருக்குள் மின்சாரத்திலேயே ஓட்டியவரின் தொட்டியில் வருடக்கணக்கான பெட்ரோல் கிடக்கலாம். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கடைசியாக எப்போது நிரப்பினார் என்று கேளுங்கள். ஐ8-இல் தொட்டி அழுத்தத்தோடு மூடப்பட்டிருக்கும். கதவில் உள்ள பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கி மூடி திறக்கும்வரை காத்திருந்து பாருங்கள். திறக்கவே இல்லை என்றால் அழுத்த உணரியோ வால்வோ போய்விட்டது. அந்த வண்டிக்குப் பெட்ரோல் போடுவதே போராட்டமாகிவிடும். இன்ஜின் எண்ணெயில் நூறு மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹைப்ரிட் இன்ஜின் அடிக்கடி ஆறிப்போய், ஆறிய நிலையிலேயே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. எண்ணெயில் பெட்ரோலும் நீரும் எவ்வளவு கலந்திருக்கிறது, இரும்புத் துகள் எவ்வளவு என்று தெரிந்தால், திறந்து பார்க்காமலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

உடலைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பெயின்ட் கனம் பார்க்கும் சாதாரணக் கருவி இரும்பு, அலுமினியத்தில்தான் வேலை செய்யும். கார்பன் ஃபைபரிலும் பிளாஸ்டிக் பேனலிலும் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அல்ட்ராசானிக் கருவி வேண்டும். லிஃப்டில் ஏற்றி அடிப்பலகையைக் கழற்றி, ஜாக் வைக்கும் இடங்களைச் சுற்றி நட்சத்திர வடிவ விரிசல், வெள்ளை பூத்த ரெசின் (இழைகளை ஒட்டும் பிசின்) இருக்கிறதா என்று பாருங்கள். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அலுமினியப் பாகம் கார்பனோடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. ஏர்பேக் வெடித்த வண்டியில் பேட்டரித் தொடர்பைத் துண்டிக்கும் வெடிப்பு ஃபியூஸும் போயிருக்கும். அந்த ஃபியூஸ் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆரஞ்சு கனெக்டர்களில் பச்சைப் பூப்பும் கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டலும் வெள்ளத்தின் அடையாளங்கள்.

செராமிக் பிரேக் டிஸ்க்குகளைக் கனத்தை மட்டும் அளந்து முடிவு செய்யாதீர்கள். அதிகச் சூட்டில் அதில் உள்ள கார்பன் எரிந்து எடை குறையும். மைய வட்டில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வைக்க வேண்டும். டயரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். பட்டை தேயாமல் பளபளத்தாலும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

எந்த வண்டி என்று கேட்டால் எங்கள் கருத்து இது. 2016 முதல் 2022 வரை வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் இந்தக் கூட்டத்தில் மனநிம்மதி தருவது, சுமார் 1.3 யூனிட்தான் பேட்டரி, பிளக்கும் சார்ஜரும் இல்லை. ஐ8 இருபதாயிரத்துக்கும் மேல் தயாரானதால் பாகமும் விவரம் தெரிந்த கைகளும் கிடைக்கும். ஆர்டுராவில் ஆரம்ப ஆண்டு வண்டியானால் உயர் அழுத்த எரிபொருள் குழாய் இணைப்புக்கான ரீகால் முடிந்ததா, சாஃப்ட்வேர் கடைசிப் பதிப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். 375 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் பி1, 918 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே 918 ஸ்பைடர் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு இல்லாமல் பேட்டரி மாற்றுவது நடக்காத காரியம். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியை மாட்டினாலும் அதை வண்டியின் கணினியில் பதிவு செய்யாமல் (கோடிங்) கன்ட்ரோல் யூனிட் ஏற்காது. அவற்றை வாங்குபவர் தொழிற்சாலையிடமிருந்து பேட்டரி கிடைக்கும் என்ற கடிதத்தை முதலில் வாங்கிவிட்டு, பிறகு முன்பணம் கொடுக்கட்டும்.

உத்தரவாதத்தில் ஒரு நுணுக்கம். ஃபெராரியின் ஏழு வருடப் பராமரிப்புத் திட்டம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லும். ஆனால் பராமரிப்பு வேறு, பேட்டரி உத்தரவாதம் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. 2024-இல் அந்த நிறுவனம் அறிவித்த கட்டணத் திட்டம் ஒன்றில் எட்டாம், பதினாறாம் ஆண்டுகளில் பேட்டரியை மாற்றித் தருகிறார்கள். தயாரித்தவரே எட்டு வருடம் என்று கணக்குப் போடும்போது, ஏழாவது வருடத்தில் வாங்குபவர் எந்தச் செலவுக்குத் தயாராக வேண்டும் என்பது தெளிவு. உத்தரவாத நீட்டிப்புக்கு முன் தயாரிப்பாளர் தரப்பில் பரிசோதனை கேட்பார்கள் என்றால், அந்தப் பரிசோதனையை விற்பவர் செலவில், பணம் கைமாறும் முன்பே செய்துவிடுங்கள். அதில் தேறாத வண்டியை வாங்கிவிட்டு வழக்குப் போட்டு மீள்வது கடினம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சின்ன பேட்டரியைக் கழற்றி எச்சரிக்கை விளக்கை அணைக்கும் யோசனைக்கு, அது வந்த அதே பக்கத்தில் மறுப்பு வெளியிடுங்கள். வாகன விளம்பரங்களில் ஆண்டு, கிலோமீட்டர், நிறம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. ஹைப்ரிட் வண்டிகளுக்கு மட்டும் பெரிய பேட்டரியின் உத்தரவாதம் முடியும் மாதம், கடைசிப் பேட்டரி அறிக்கையின் தேதி என்று இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்து, விளம்பரம் தருபவரிடம் கேட்டு நிரப்பி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஹைப்ரிட் வாகனப் பரிசோதகர்கள்